ஒரு தொப்பி, ஒரு கோக் பாட்டில், எட்டாயிரம் படங்கள்

"நியூ ஆர்லியன்ஸா? அங்கே என்னடா இருக்கு?" என்றாள் அக்கா, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

"ஒரு போட்டோகிராபர் இருந்தார்க்கா. அவர் குடியிருந்த இடத்தைப் பார்க்கணும்."

"இருந்தார்னா?"

"2010ல காலமாயிட்டார்."

"வீடு இருக்கா?"

"அது 2005 வெள்ளத்துல போயிடுச்சு."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆக, இல்லாத ஆளோட இல்லாத வீட்டைப் பார்க்க ஹூஸ்டன்லேர்ந்து ஐந்நூத்தி அறுபது கிலோமீட்டர் பஸ்ல போகப்போறே. பி.காம். முடிச்ச வருஷமே உன்னை பாங்க் பரீட்சை எழுதவெச்சிருக்கணும்."

மாமா தலை நிமிராமல் சொன்னார்: "பர்ஸை முன் பாக்கெட்ல வெச்சுக்கோ."

இந்த இரண்டு ஆசீர்வாதங்களோடு மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் தண்ணீர். லூசியானா மாநிலத்துக்குள் நுழைந்ததும் சாலை கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை மறந்துவிடுகிறது. அச்சஃபலாயா என்று ஒரு சதுப்பு நிலம். அதன்மேல் 29 கிலோமீட்டருக்கு ஒரே பாலம். தாம்பரத்தில் ஏறினால் பாரிமுனையில் இறங்குகிற மாதிரி. கீழே கறுப்புத் தண்ணீரில் மரங்கள் முழங்கால் வரை நனைந்து நிற்கின்றன. பக்கத்து சீட்டுக்காரர் குறட்டையில் ஒரு ராகம் பிடித்திருந்தார். நான் போட்டோகிராபரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெயர் ஹெர்மன் லெனார்ட். ஜாஸ் இசைக்காரர்களைப் படம் எடுத்தவர். பெயர் தெரியாவிட்டாலும் அவர் படம் ஒன்றை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளை. ஓர் இளைஞர் சாக்ஸபோனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் சிகரெட். வாயிலிருந்து கிளம்பிய புகை படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு மேலே போகிறது. டெக்ஸ்டர் கார்டன், நியூயார்க், 1948. உலகத்தில் பாதி காபிக் கடைகளின் சுவரில் இந்தப் புகை இருக்கிறது.

இந்தப் படத்தை எனக்குக் காட்டியவன் என் காலேஜ் சிநேகிதன். பி.காம். கடைசி பெஞ்ச். டெபிட் எது, கிரெடிட் எது என்று கடைசி வரை அவனுக்குத் தெரியாது. ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சபா சபாவாக அலைவான். 2005ல் ஆரம்பித்து பத்து சீசன். மேடையில் பாடுகிறவரை எல்லாரும் எடுப்பார்கள். இவன் தம்புராவுக்குப் பின்னால் தூக்கத்தோடு போராடும் சிஷ்யையை எடுப்பான். கச்சேரிக்கு முன்னால் கல்லால் மிருதங்கத்தைத் தட்டி ஸ்ருதி சேர்க்கும் விரல்களை எடுப்பான்.

2014ல் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. கண்காட்சி!

கணக்கு எழுதியவன் நான்தான், அதனால் விவரமாகவே சொல்கிறேன். 24 படங்கள். நல்ல காகிதத்தில் பிரிண்ட், தேக்கு நிற ஃபிரேம், கண்ணாடி. ஒரு கேலரியில் ஐந்து நாள் வாடகை. அழைப்பிதழ். திறப்பு விழாவுக்கு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், அவருக்குப் பொன்னாடை. சுண்டல், காபி. மொத்தச் செலவு ரூ. 1,42,000. விற்றது மூன்று படம். அதில் ஒன்றை வாங்கியவர் அவனுடைய சித்தப்பா. வரவு ரூ. 27,000. கேலரிக்காரர் அதில் தன் பங்கைக் கழித்துக்கொண்டது தனி.

நாலாம் நாள் ஒரு வித்வான் வந்தார். தன் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கண்ணில் லேசாக ஈரம். சிநேகிதன் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தான். அவர் திரும்பி, "ரொம்ப நன்னா வந்திருக்கு. அப்படியே ஆத்துக்கு எடுத்துண்டு போகட்டுமா?" என்றார். இவனும் பேப்பர் சுற்றி, ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தான். ஆட்டோவுக்கு அவர் பணம் கொடுத்தாரா இவன் கொடுத்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுத வேண்டும்.

மிச்சம் இருபது ஃபிரேம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. வீடு ஜாபர்கான்பேட்டையில், தரைத்தளம், அடையாற்றிலிருந்து நாலு தெரு. 2015 டிசம்பர் 1 ராத்திரி என்ன நடந்தது என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபது ஃபிரேமும் போச்சு. எட்டு சீசன் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. இரண்டு சீசன் மட்டும் தப்பித்தது. காரணம், அந்த டிஸ்க்கை நான் சினிமா காப்பி பண்ண இரவல் வாங்கியிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உன்கிட்டயே இருக்கட்டும் மாப்ளே, உன் வீடு மூணாவது மாடி" என்றான். அதற்கப்புறம் அவன் சபாப் பக்கம் போகவில்லை. கல்யாண ஆல்பம் பண்ணுகிறான். நன்றாகவே சம்பாதிக்கிறான். இன்கம்டாக்ஸ் கணக்கு இப்போதும் நான்தான்.

நான் அமெரிக்கா கிளம்பும்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "முடிஞ்சா நியூ ஆர்லியன்ஸ் போய் லெனார்ட் இருந்த இடத்தைப் பார்த்துட்டு வா."

*

பஸ் நின்ற இடத்திலிருந்து பிரெஞ்ச் குவார்ட்டர் நடக்கிற தூரம்தான். பழைய ஊர். இரும்பில் பூவேலை செய்த பால்கனிகள், அதில் தொங்கும் பெரணிச் செடிகள், குதிரை வண்டி, குதிரை சமாசாரமான வாசனை. பாண்டிச்சேரியில் பீச் பக்கத்துத் தெருக்களைக் கொஞ்சம் பெரிதாக்கி, எல்லோரையும் பகல் பதினோரு மணிக்கே குடிக்கவைத்தால் இப்படி இருக்கும். காப்பியும், மேலே சர்க்கரைத் தூளை மலையாகக் கொட்டிய 'பென்யே' என்ற சதுரமான போண்டாவும் சாப்பிட்டேன். சாப்பிடும்போது மூச்சு விடக் கூடாது. விட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாளின் கறுப்பு கவுன் வெள்ளையாயிற்று.

இந்த ஊரில்தான் 1901ல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பிறந்தார். ஜாஸ் பிறந்ததும் இங்கேதான். லெனார்ட் இந்த ஊர்க்காரர் இல்லை. 1923ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் போட்டோகிராபர் வேலைக்கு மனுப் போட்டார். பரீட்சையில் டெவலப்பரில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று கேட்டார்கள். தெரியவில்லை. ஃபெயில்! மயக்க மருந்து கொடுக்கும் பிரிவில் போட்டு பர்மாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ராத்திரியில் தன் இரும்புத் தொப்பியையே தொட்டியாக வைத்து ஃபிலிம் கழுவினார். பரீட்சையில் கோட்டைவிட்ட நம்மைப் போன்றவர்களுக்கு இவர் ஒரு நல்ல துணை.

போர் முடிந்து, கனடாவில் யூசுஃப் கார்ஷ் என்ற பெரிய போட்டோகிராபரிடம் ஒரு வருஷம் எடுபிடி. பிறகு 1948ல் நியூயார்க்கில் சொந்த ஸ்டூடியோ. சாயங்காலம் ஆனால் ஜாஸ் கேட்க வேண்டும், டிக்கெட்டுக்குக் காசில்லை. கிளப் முதலாளிகளிடம் ஒரு பேரம் பேசினார்: உள்ளே விடுங்கள், உங்கள் வாசலில் விளம்பரத்துக்கு மாட்ட படம் எடுத்துத் தருகிறேன். அவ்வளவுதான். உலகப் புகழ்பெற்ற அந்தப் புகைப் படம் ஓசி டிக்கெட்டுக்குப் பதிலாக எடுக்கப்பட்டது. அதை எடுத்த 'ராயல் ரூஸ்ட்' கிளப்பே முதலில் கோழி வறுவல் கடையாக இருந்த இடம்.

அவரிடம் இருந்தது ஸ்பீட் கிராபிக் என்ற காமிரா. சின்ன டிரங்குப் பெட்டி சைஸ். ஒரு தகட்டு ஃபிலிமுக்கு ஒரே ஒரு படம். நம் செல்போன் மாதிரி நாற்பது கிளிக் செய்துவிட்டு ஒன்றைப் பொறுக்க முடியாது. கச்சேரி நடுவில் விளக்கு வைக்கவும் விடமாட்டார்கள். அதனால் பகலில் ஒத்திகை நேரத்தில் போவார். ஒரு ஃபிளாஷ் முன்னால், ஒன்று பின்னால் மேலே. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் புகையைப் பிடித்துக்கொள்ளும். எல்லோரும் சிகரெட் பிடித்த காலம், புகைக்குப் பஞ்சமில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அதில் ஆளே கிடையாது. ஒரு சாக்ஸபோன் பெட்டி, அதன்மேல் ஒரு தட்டையான தொப்பி, ஒரு கோக் பாட்டில். பாட்டில் மேல் வைத்த சிகரெட்டிலிருந்து புகை. லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன்காரரின் படம் அது. ரசிகர்களுக்குத் தொப்பியே போதும். ஒரு மூக்குக் கண்ணாடியையும் கைத்தடியையும் காட்டினால் நமக்கு யார் என்று தெரிகிற மாதிரி.

*

ஷார்ட்ரெஸ் தெருப் பக்கம் ஒரு போட்டோ கேலரியில் நுழைந்தேன். ஏ.சி., மரத்தரை, மாதா கோயில் அமைதி. நம் செருப்புச் சத்தம் நமக்கே அவமானமாக இருந்தது. சுவரில் அந்தப் புகை! காபிக் கடையில் பார்த்ததும் இதுவும் ஒன்றல்ல. கறுப்பு என்றால் கிணற்றுக் கறுப்பு. புகையில் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. பின்னால் டிரம்ஸின் பித்தளைத் தட்டு மங்கலாக மின்னுகிறது. கீழே ஓரத்தில் கையெழுத்து.

மேஜையில் இருந்த அம்மாள் எழுந்து வந்தார். என் தோள் பையையும் சட்டையையும் பார்த்ததுமே வாங்குகிற ஆசாமி இல்லை என்று புரிந்திருக்கும். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். விலையையும் சொன்னார். டாலரில் நாலு இலக்கம். அமெரிக்கா போன நாளிலிருந்து எதையும் ரூபாயில் பெருக்காதே என்று அக்கா கண்டித்திருந்தாள். பெருக்கினேன். என் ஸ்கூட்டர் மாதிரி சில ஸ்கூட்டர்கள்.

ஒரு நெகடிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். அப்புறம் எதற்கு இந்த விலை? கேட்டேவிட்டேன். இனி வருவது அவர் நடத்திய காஸ்ட் அக்கவுண்டிங் கிளாஸ்.

போட்டோகிராபர் இத்தனை பிரிண்ட்தான் போடுவேன் என்று வாக்குக் கொடுத்து ஒவ்வொன்றிலும் நம்பர் போடுகிறார். 25ல் மூன்றாவது என்றால் 3, ஒரு கோடு, 25. முதல் சில நம்பர்கள் மலிவு. விற்க விற்க, மிச்சம் குறையக் குறைய, விலை ஏறும். கடைசி நம்பர் எல்லாவற்றையும் விட உசத்தி. படம் எடுத்த காலத்திலேயே போட்ட பிரிண்ட் என்றால் அது தனி ஜாதி. போட்டோகிராபர் உயிரோடு இருக்கும்போது தன் கையால் போட்டுக் கையெழுத்திட்டது அடுத்தது. இறந்த பிறகு வாரிசுகள் போட்டது அதற்கும் கீழே. படம் ஒன்றுதான், நெகடிவ் ஒன்றுதான், ஆனால் விலை மூன்று. விற்ற பணத்தில் பொதுவாகப் பாதி கேலரிக்கு. ஃபிரேம், அமிலமில்லாத அட்டை, கண்ணாடி எல்லாம் யார் செலவு என்பது அந்தந்த ஒப்பந்தப்படி. 'பெரும்பாலும் படம் எடுத்தவர் செலவு' என்று அவர் சொன்னபோது ஜாபர்கான்பேட்டை ஞாபகம் வந்தது.

"படத்தில் இருக்கிற இசைக்காரருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். டி-ஷர்ட்டில், காபி மக்கில் போட்டு விற்றால் அனுமதி வேண்டும், பணம் தர வேண்டும். சுவரில் மாட்டும் பிரிண்டில் பொதுவாக அவருக்குப் பங்கு இல்லை.

பக்கத்துச் சுவரில் பில்லி ஹாலிடே. 1949ல் அவர் வீட்டில் லெனார்ட் எடுத்தது. பெரிய பாடகி அடுப்படியில் நின்று தன் நாய்க்காக இறைச்சி வறுத்துக்கொண்டிருக்கிறார். 1959ல் அந்த அம்மாள் இறந்தபோது பாங்க் கணக்கில் இருந்தது 70 சென்ட். ஆஸ்பத்திரியில் உடம்போடு ஒட்டி மறைத்துவைத்திருந்த நோட்டுகள் 750 டாலர். அவ்வளவுதான் சொத்து. அதே வருஷம் லெஸ்டர் யங்கும் போனார், தொப்பியை விட்டுவிட்டு. நம் வித்வான் படத்தை ஓசியில் கேட்டதற்காக அவர்மேல் பத்து வருஷமாக வைத்திருந்த கோபம், அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. முழுசாகப் போகவில்லை. ஆட்டோ சார்ஜ் இன்னும் உறுத்துகிறது.

லெனார்டுக்கு மட்டும் என்ன, அப்போதே கொட்டிவிட்டதா? பத்திரிகைகள் கொடுத்தது சொற்பம். 1956ல் நடிகர் மார்லன் பிராண்டோவோடு கிழக்கு ஆசியப் பயணம் போனார், பிறகு பாரிஸில் தங்கி ஃபேஷன், விளம்பரம் என்று வயிற்றுப்பாட்டைப் பார்த்தார். அதாவது, அவருடைய கல்யாண ஆல்பம். 1980ல் ஸ்பெயினின் இபிஸா தீவுக்குக் குடும்பத்தோடு குடிபோனார். ஜாஸ் நெகடிவ்கள் பெட்டியில் கிடந்தன. 1985ல் பிரான்ஸில் ஒரு புத்தகம் வந்தது. 1988ல், லண்டன் நாட்டிங் ஹில்லில் 'ஸ்பெஷல் போட்டோகிராபர்ஸ் கம்பெனி' என்ற சின்ன கேலரி அந்தப் படங்களைச் சுவரில் மாட்டியது. ஜாஸ் படங்களுக்கு அதுதான் முதல் கண்காட்சி. ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள்.

அப்போது அவருக்கு வயது 65. எடுத்தது இருபத்தைந்தில், மாட்டியது அறுபத்தைந்தில். நம்மூரில் அந்த வயதில் பொன்னாடை போர்த்தத்தான் கூப்பிடுவார்கள்.

அடுத்த வருஷம் கண்காட்சி அமெரிக்காவைச் சுற்றியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த நியூ ஆர்லியன்ஸ் கேலரி ஒன்றில் படம் மாட்ட வந்தவர், ஊர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். மாட்ட வந்த ஆணியிலேயே மாட்டிக்கொண்டார் என்று சொல்லலாம்.

*

கனால் தெருவில் சிவப்பு டிராம். டிக்கெட் ஒண்ணேகால் டாலர். போர்டில் 'சிமெட்ரீஸ்' என்று எழுதியிருந்தது. கடைசி ஸ்டாப் கல்லறைகள்! யோசித்துத்தான் ஏறினேன். இந்த ஊரில் இறந்தவர்களைத் தரைக்கு மேலே கட்டிய சின்னச் சின்ன வீடுகளில் வைக்கிறார்கள். தெரு, வாசல், கதவு எல்லாம் உண்டு. அதைத் தாண்டி லேக்வியூ. லெனார்டின் வீடும் ஸ்டூடியோவும் இருந்த பகுதி.

பிரெஞ்ச் குவார்ட்டரில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அகலமான தெரு, புல்வெளி, அமைதியான மத்தியதர வர்க்கம். நம் அண்ணா நகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இருப்பது போல. மிஸ்ஸிஸிப்பி ஆறு காலங்காலமாக வண்டலைக் கொட்டிக்கொட்டிக் கரையை மேடாக்கியிருக்கிறது. பழைய ஊரை அந்த மேட்டில் கட்டினார்கள். லேக்வியூ அப்படி அல்ல. ஏரிப் பக்கத்துச் சதுப்பை வடித்து, இருபதாம் நூற்றாண்டில் மனை போட்டது. தண்ணீரை வடித்தால் சதுப்பு மண் காய்ந்து உட்காரும். கடல் மட்டத்துக்கும் கீழே போகும். மழைத்தண்ணீரை பம்ப் வைத்துக் கால்வாயில் ஏற்றி ஏரிக்கு அனுப்ப வேண்டும். கால்வாய்க்கு இரண்டு பக்கமும் சுவர். கால்வாய்த் தண்ணீர் நம் தலைக்கு மேலே ஓடுகிறது. ஏரியை மனை போட்டு விற்பதில் நமக்கு அண்ணன்மார்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள்.

2005 ஆகஸ்ட் 29 காலை, கத்ரினா புயல். புயல் மட்டும் என்றால் ஊர் தாங்கியிருக்கும் என்கிறார்கள். பதினேழாம் தெருக் கால்வாயின் சுவர் லேக்வியூ பக்கமாகப் பிளந்தது. தண்ணீர் சுவருக்கு மேலே வழிந்துகூட உடையவில்லை, அதற்கு முன்பே அடி மண் நழுவிச் சுவர் நகர்ந்துவிட்டது. கட்டியது அமெரிக்க ராணுவப் பொறியியல் துறை. வடிவமைப்பில் குறை இருந்ததை மறு வருஷம் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஊரில் எண்பது சதவிகிதம் தண்ணீருக்குள். ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

லெனார்ட் முன்பே ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தார். வயது 82. திரும்பி வந்தபோது வீட்டுக்குள் பூஞ்சை படர்ந்த குப்பை. 2006ல் எடுத்த 'சேவிங் ஜாஸ்' என்ற டாகுமென்டரியில் அந்தக் காட்சி இருக்கிறது. போனது எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிரிண்ட்கள். எல்லாம் டார்க் ரூமில் கையால் போட்டவை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டார்க் ரூம் பிரிண்ட் என்பது பட்டனைத் தட்டினால் வருவதல்ல. முகத்துக்கு இத்தனை விநாடி வெளிச்சம், புகைக்குக் கூட நாலு விநாடி, இந்த மூலையைக் கையால் மறை, அந்த மூலையைக் கருக்கு என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சமையல் குறிப்பு உண்டு. லெனார்ட் அதையெல்லாம் குறித்துவைத்திருந்தார். பிரிண்டுகளோடு அந்தக் குறிப்புகளும் தண்ணீரோடு போய்விட்டன. பாட்டி போனாள், ரசப்பொடி கணக்கும் போச்சு என்பது மாதிரி.

நான் அவர் வீடு எது என்று தேடவில்லை. இப்போது அங்கே யாரோ குடியிருப்பார்கள். வாசலில் ஓர் இந்தியன் நின்று உச்சுக்கொட்டினால் போலீஸுக்குப் போன் போகும். பல வீடுகள் புதிது, சில தூண் வைத்து உயர்த்திக் கட்டியவை. உடைப்பு நடந்த இடத்தில் ஒரு பலகை. அந்தப் பக்கம் போனபோது ஒரு பையன் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தான். சுவர் என் தலைக்கு மேலே உயரமாக நின்றது. அதன் அந்தப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று இந்தப் பக்கம் நிற்பவனுக்குத் தெரியவே தெரியாது. ஒரு நிமிஷம் காதைச் சுவரில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிள் பையன் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டேன்.

*

எட்டாயிரமும் போச்சு, சரி. நெகடிவ்?

அதைப் பார்க்கத்தான் மறுபடி ஊருக்குள் வந்து கேம்ப் தெருவுக்கு நடந்தேன். 'ஆக்டன் மியூசியம்'. அமெரிக்கத் தென் மாநிலக் கலைகளுக்கானது. இப்போதைய கட்டடம் 2003ல் திறந்தது. ஐந்து மாடி, முன்னால் கண்ணாடி. இந்தப் பகுதி மேட்டு நிலம். புயல் வரும் நேரத்தில் லெனார்டின் நெகடிவ்களை அவருடைய ஆட்கள் இந்த மியூசியத்தின் பெட்டகத்தில் சேர்த்துவிட்டார்கள். 1948லிருந்து அத்தனையும். வீடு முழுகியது, இது நனையவில்லை.

வரவேற்பில் இருந்த இளைஞரிடம் அந்தப் பெட்டகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். மாம்பலம் பாங்கில் போய் 'லாக்கர் ரூமைச் சும்மா ஒரு தடவை சுற்றிப் பார்க்கலாமா' என்று கேட்டால் மேனேஜர் எப்படிப் பார்ப்பார்? அப்படிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்றும், அந்த நெகடிவ்கள் எப்போதோ போய்விட்டன என்றும் சொன்னார். "எதற்கு?" என்றார். சென்னையில் ஒரு மூணாவது மாடி வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பற்றி அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். டிஸ்க்கில் சினிமாவும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

காமர்ஸ் படித்தவன் புத்தி எப்படிப் போகும்? ஸ்டாக் முழுக்க அழிந்தது, மூலதனம் தப்பித்தது என்று மனசில் ஜர்னல் என்ட்ரி போட்டேன். ஆனால் 82 வயதில் மூலதனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வயதில் எட்டாயிரம் போனால் நானாக இருந்தால் ஈஸிசேரில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பேன். அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் குடிபோனார். நெகடிவ்களை ஒழுங்குபடுத்தி கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்கு கிராமி ஃபவுண்டேஷன் மானியம் கொடுத்தது. மறுபடி பிரிண்ட், மறுபடி கண்காட்சி. பெட்டியிலிருந்து அதுவரை யாரும் பார்க்காத படங்களும் வெளியே வந்தன. 2010 ஆகஸ்டில் 87 வயதில் காலமானார். அவருடைய 'ஜாஸ்' என்ற பெரிய புத்தகம் அச்சாகி வந்தபோது அவர் இல்லை.

ராத்திரி செயின்ட் பீட்டர் தெருவில் 'பிரிசர்வேஷன் ஹால்'. 1961லிருந்து நடக்கும் ஜாஸ் கூடம். வெளியே தெருவெல்லாம் மது, உள்ளே ஒரு சொட்டுக் கிடையாது. காரை பெயர்ந்த சுவர், நாலு மர பெஞ்ச், முன்வரிசைக்குத் தரையில் மெத்தை. நான் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அமெரிக்காவில் என் ஒரு திறமைக்காவது மதிப்புக் கிடைத்தது. கச்சேரி நடக்கும்போது போட்டோ எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கிளாரினெட் வாசித்த பெரியவர் ஒரு பாட்டு முடிந்ததும் கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைக்காமல், முதலில் வாத்தியத்தின் வாயைத் துடைத்தார். மஞ்சள் பல்பு வெளிச்சம் பக்கவாட்டில் அந்த விரல்களில் விழுந்தது. என்னையும் அறியாமல் கை பாக்கெட்டில் செல்போனைத் தேடியது. விதி ஞாபகம் வந்து எடுத்துவிட்டேன். என் சிநேகிதன் இருந்திருந்தால் அவன் கை என்ன பாடுபட்டிருக்கும் என்று தோன்றியது. முக்கால் மணியில் கச்சேரி முடிந்தது. வெளியே வந்து, தூங்கப் போவதற்கு முன் அந்தக் கைக்குட்டைச் சமாசாரத்தை மட்டும் அவனுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். வெள்ளம், எட்டாயிரம், 82 வயது எதையும் எழுதவில்லை. அதெல்லாம் அவனுக்கே தெரியும்.

மறுநாள் ஹூஸ்டன். அக்காவுக்கு மியூசியம் கடையில் வாங்கிய போஸ்ட் கார்டைக் கொடுத்தேன். தொப்பி, பெட்டி, கோக் பாட்டில்.

"இதுல ஆளே இல்லையேடா?"

"இருக்கார்க்கா."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கோக் விளம்பரமா?"

அக்கா அதை ஃப்ரிட்ஜ் கதவில், திருப்பதி பெருமாளுக்கும் மளிகை லிஸ்ட்டுக்கும் நடுவில், காந்தம் வைத்து ஒட்டினாள். கமிஷன் இல்லை, சுண்டல் செலவும் இல்லை.

ராத்திரி போன் மினுங்கியது. சிநேகிதன். முதலில், "கைக்குட்டை என்ன கலர்?" என்று கேட்டிருந்தான். சிவப்பு என்று பதில் போட்டேன். கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது:

"அந்த டிஸ்க் உன்கிட்டதானே இருக்கு? சினிமாவை அழிச்சுட்டுக் கொண்டா."

அதில் பதினாலு படம் இருக்கிறது. எல்லாமே நல்ல படம்.